இசைச் சிகிச்சையும் எங்கள் பிள்ளைகளும்



இந்த மாதம் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான இசைச் சிகிச்சை பற்றிக் கதைக்கச் சொல்லி நிலையத்தார் கேட்டார்கள். நான் வைத்தியனும் அல்ல, சிகிச்சையாளனும் அல்ல. ஊரில் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள் எடுத்து, லண்டனுக்கு வந்த பிறகு சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்து வருகிற ஒருவன். அப்படியிருந்தும் நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு பிழை செய்திருக்கிறேன். அவனுடைய தாயிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். "பேரைச் சொல்லாமல் சொல்லுங்கோ சேர், நாலு பேர் கேக்கட்டும்" என்றார்.

2009 ஆம் ஆண்டு சித்திரை மாதம். அந்த நாட்களை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாராளுமன்றச் சதுக்கத்தில் எங்கள் சனம் இரவு பகலாக நின்ற காலம். வீடுகளில் தொலைக்காட்சி நிற்பாட்டப்படாத காலம். அப்போது ஒரு தாய் தன் ஆறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு என் வகுப்புக்கு வந்தார். அவருடைய அக்கா குடும்பம் வன்னிக்குள் நின்றது. "வீட்டிலை ஒரே ரீவியும் ரெலிபோனும் அழுகையும்தான் சேர். இவன் ஒரு மணித்தியாலமாவது வேறை சத்தம் கேக்கட்டும்" என்று சொல்லி விட்டுப் போனார்.

பெடியன் ஒருவரோடும் கதைக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். மிருதங்கத்துக்கு முன்னால் இருத்தினால் இடது பக்கத்தில் மட்டும் அடித்தான். அடித்துவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். மிருதங்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்த இடது பக்கத்தைத் தொப்பி என்போம். வாசிக்க முன்னர் ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அதன் நடுவில் அப்புவோம். 'தொம்' என்கிற அந்தக் கனமான நாதம் அதிலிருந்துதான் வரும். இவன் அந்த ரவையைச் சுரண்டி எடுத்து விரலில் உருட்டத் தொடங்குவான். நான் திரும்ப அப்ப, அவன் திரும்பச் சுரண்ட, மற்றப் பிள்ளைகள் சிரிக்க, வகுப்பு குழம்பிவிடும். தரப் பரீட்சையும் கிட்ட வந்துவிட்டது.

நாலாம் கிழமை தாயிடம் சொன்னேன்: "தங்கச்சி, இவருக்கு இது சரிவராது போல கிடக்கு. கொஞ்சம் வளரட்டும், பிறகு பாப்பம்."

பிறகு என்று ஒன்று வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "சரி சேர்" என்றார். மகனுடைய விரலில் இருந்த ரவையைத் துடைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். அன்றைக்குப் பின்னேரம் நான் அதை மறந்தும் போனேன்.

ஒன்பது வருடம் கழித்து, 2018 இல், அதே தாய் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மகனுக்கு 15 வயது. விசேட தேவை உள்ள பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் படிக்கிறான். கதை மிகக் குறைவு. கிழமைக்கு ஒருநாள் அங்கே ஒரு இசைச் சிகிச்சையாளர் வந்து அவனோடு தனியாக அரை மணித்தியாலம் இருக்கிறார். மனம் குழம்புகிற நேரங்களில் அவன் ஏதோ நாலு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறானாம். அது உங்கள் மொழியா, என்ன அர்த்தம் என்று அந்தப் பெண் தாயிடம் கேட்டிருக்கிறார்.

"நீங்கள் சொல்லிக்குடுத்ததுதான் சேர். த, தி, தொம், நம். ஒன்பது வருசமாய் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரியிறான்."

முதல் பாடம். நாலு கிழமையில் அவன் ஒன்றும் படிக்கவில்லை என்று நான் அனுப்பிய பிள்ளை.

இந்த இடத்தில் ஓட்டிசம் பற்றி இரண்டு வார்த்தை. தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. மதி இறுகிப்போனதாக யார் கண்டது? ஓட்டிசம் என்றே சொல்கிறேன். மூளை வளர்கிற விதத்தில் பிறப்புக்கு முன்னரே தொடங்குகிற ஒரு வேறுபாடு இது. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தாய் வளர்த்த விதத்தினால் வருவது அல்ல. 1950 களிலும் 60 களிலும் மேற்கு நாட்டு வைத்தியர்கள் சிலரே தாயின் மனம் குளிர்ந்து கிடந்ததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று எழுதினார்கள். எத்தனையோ தாய்மார் அந்தப் பழியோடு வாழ்ந்து செத்தார்கள். அது பிழை என்று அந்த உலகம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. நாங்கள்தான் இன்னும் கிரகப் பலன், நேர்த்திக் கடன், யாருடைய கண்ணூறு என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வார்கள். உடனேயும் சொல்வார்கள், வருடங்கள் கழித்தும் சொல்வார்கள். முன்பு அதை வெறும் கிளிப்பேச்சு என்று தள்ளினார்கள். இப்போது அப்படிப் பார்ப்பதில்லை. அந்தப் பிள்ளை அதனால் ஏதோ ஒன்றைச் சொல்கிறது, அல்லது தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிறது. இசையும் அப்படித்தான் சிலரிடம் தங்கிவிடும். 1943 இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஓட்டிசம் முதன்முதலில் தனியாக விபரிக்கப்பட்டது என்பார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இசை எவ்வளவு ஞாபகத்தில் இருந்தது என்பதை அவரும் குறித்திருக்கிறார்.

தாயும் பள்ளிக்கூடமும் சம்மதித்து, அந்தச் சிகிச்சையாளரே கேட்டதால், ஒருநாள் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். வழக்கமாக வெளியாட்களை அந்த அறைக்குள் விடமாட்டார்கள். நான் வரப்போவதைப் படத்தோடு பெடியனுக்கு முதலே சொல்லி வைத்திருந்தார்கள்.

ஒரு பியானோ, நிலத்தில் நிற்கிற பெரிய மேளம், ஒரு தாளத் தட்டு, மரக்கட்டை வாத்தியம் ஒன்று, ஒரு கிற்றார். ஒவ்வொரு கிழமையும் அதே அறை, அதே நேரம், அதே வணக்கப் பாட்டு. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். நெடுவலாக வளர்ந்துவிட்ட பெடியன் அதே மாதிரிச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தான். அந்தப் பெண் அவனை இருக்கச் சொல்லவில்லை. அவன் எடுத்து வைக்கிற அடிக்குச் சரியாகப் பியானோவில் வாசித்தார். அவன் நின்றால் வாசிப்பும் நின்றது. நடந்தால் தொடங்கியது. மூன்றாம் தரம் அவன் நின்று திரும்பிப் பார்த்தான். பிறகு வேண்டுமென்றே இரண்டு அடி வைத்து நின்றான். பியானோவும் இரண்டு அடி வைத்து நின்றது. பெடியனுடைய முகத்தில் ஒரு சிரிப்பு.

பிறகு மேளத்தடிக்கு வந்தான். "த, தொம், தி, நம்" என்றான்.

கேட்டீர்களா? 'தொம்' இரண்டாவதாக வந்துவிட்டது. முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவனுக்கு நாக்கு துடித்தது. திருத்தாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பெண் அவன் சொன்ன அதே ஒழுங்கில் பாடி, மேளத்தில் தட்டினார். அவன் திரும்பச் சொன்னான். அவர் திரும்பத் தட்டினார். மூன்றாம் தரம் "த, தொம், தி" என்று தட்டிவிட்டு நிறுத்தினார். காத்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் ஆதிதாளம் போட்டேன். ஒரு ஆவர்த்தனம் போய், இரண்டாவதும் முடியப் போனது. எங்கள் வகுப்பில் இவ்வளவு நேரம் ஒருவரும் சும்மா இருந்ததில்லை. அப்போது அவன் "நம்" என்று சொல்லி மேளத்தில் ஒன்று போட்டான். போட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தான்.

பக்கத்தில் இருந்த தாய் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "வீட்டிலை நாங்கள் ஒருத்தரும் இதுக்குப் பதில் சொல்லேல்லை சேர். நிப்பாட்டு, நிப்பாட்டு எண்டுதான் சொன்னனாங்கள்."

எங்கள் மரபில் குரு வாசிப்பார், பிள்ளை திருப்பி வாசிக்கும். நானும் அப்படித்தான் படித்தேன். அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்த அறையில் பிள்ளை வாசித்தது, பெரியவர் திருப்பி வாசித்தார். இசைச் சிகிச்சைக்கும் இசை வகுப்புக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பரீட்சை இல்லை, அரங்கேற்றம் இல்லை, பிழை சரி இல்லை. தன்னுடைய சத்தத்துக்கு ஒரு ஆள் பதில் தருகிறார் என்பதை அந்தப் பிள்ளை கண்டுபிடிக்கிறது. பிறகு மாறி மாறி, நீ ஒன்று நான் ஒன்று என்று போகிறது. கதை என்பதும் அதுதானே. இவனுக்குச் சொல் வழியாகக் கிடைக்காத கதை மேளம் வழியாகக் கிடைத்தது.

இந்த முறை ஒன்றும் நேற்று வந்தது அல்ல. அமெரிக்கரான போல் நோர்டொஃப் இசையமைப்பாளர், கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். கிளைவ் ரொபின்ஸ் விசேட கல்வி ஆசிரியர், ஆங்கிலேயர். இருவரும் 1959 இல் வூஸ்டர்ஷயரில் உள்ள சன்ஃபீல்ட் என்ற சிறுவர் இல்லத்தில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். பிள்ளை எழுப்புகிற சத்தம் எதுவாக இருந்தாலும், அழுகையாக இருந்தாலும்கூட, அதை இசையாக எடுத்துப் பதில் வாசிப்பது அவர்களுடைய வழி. அதற்கு ஒரு வருடம் முன்னர், 1958 இல், செல்லோ வாத்தியக் கலைஞர் ஜூலியட் அல்வின் இந்த நாட்டில் இசைச் சிகிச்சைக்கு ஒரு சங்கத்தைத் தொடங்கியிருந்தார். 1968 இல் லண்டன் கில்ட்ஹோல் இசைப்பள்ளியில் பயிற்சி வகுப்பையும் தொடங்கினார். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளோடு செய்யும் இசைச் சிகிச்சைக்கென்றே 1978 இல் ஒரு புத்தகமும் எழுதினார்.

சரி, இதனால் ஓட்டிசம் மாறுமா? எனக்கு வருகிற முதல் கேள்வி அதுதான். மாறாது. ஓட்டிசம் நோய் அல்ல, மாற்றுகிற மருந்தும் இல்லை. இந்த ராகம் கேட்டால் இந்தக் குறை தீரும் என்று இறுவட்டு விற்றவர்களை நான் கண்டிருக்கிறேன். கையில் உள்ள காசைக் கவனமாக வைத்திருங்கள் என்பதைத் தவிர அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். 2017 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒன்பது நாடுகளில், 4 முதல் 7 வயதுக்குட்பட்ட 364 பிள்ளைகள். ஐந்து மாதம் இசைச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கும் பெறாத பிள்ளைகளுக்கும் இடையில், ஓட்டிசத்தின் அறிகுறிகளை அளக்கும் பிரதான அளவீட்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இசைச் சிகிச்சையாளர்களுக்கு அது ஒரு அடிதான். பிறகு 2022 இல் கொக்ரேன் என்கிற, ஆய்வுகளைச் சேர்த்து நிறுத்துப் பார்க்கும் அமைப்பு, 26 ஆய்வுகளையும் 1165 பேரையும் எடுத்துப் பார்த்தது. பொதுவான முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இசைச் சிகிச்சை உதவக்கூடும் என்று வந்தது. பேச்சு கூடியது, மற்றவர்களோடு பழகுவது கூடியது என்று உறுதியாகச் சொல்ல அங்கேயும் ஆதாரம் போதவில்லை. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானோர் சிறு பிள்ளைகள். வளர்ந்த இளைஞர்களைப் பற்றிய ஆய்வு குறைவு.

ஆகவே பேச்சு வரும் என்று நம்பிப் போகாதீர்கள். அந்தத் தாயிடம் நான் கேட்டேன், என்ன மாறியிருக்கிறது என்று. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "புதன்கிழமை காலமை அவன் தானே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிக்கிறான் சேர்." புதன்கிழமைதான் அவனுக்கு அந்த அறை. மற்ற நாட்களில் பள்ளிக்கூட வாகனத்தில் ஏற்றுவது ஒரு போராட்டம். இதை எந்த அளவீட்டில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வீட்டில் அது சின்ன விடயம் அல்ல.

இன்னொன்றும் நடந்தது. முன்னர் யாரோ ஒருவர் பிள்ளையோடு ஆங்கிலம் மட்டும் கதையுங்கள், இரண்டு மொழி குழப்பும் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தாய்க்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவாக வராது. வராத மொழியில் கதைக்க வேண்டியதால் பிள்ளையோடு கதைப்பதே குறைந்தது. தாலாட்டும் நின்றது. எங்களில் பல வீடுகளில் இதே கதைதான். இரண்டு மொழி கேட்டு வளர்வது ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சைப் பின்தள்ளுகிறது என்பதற்கு இதுவரை வந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. அவன் குழந்தையாக இருந்தபோது என்ன பாடினீர்கள் என்று சிகிச்சையாளர் கேட்டபோதுதான் அந்தத் தாய் திரும்பப் பாடினார். வெட்கப்பட்டு, பாதிக் குரலில். பெடியன் பக்கத்தில் வந்து இருந்தானாம். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. தமிழில் பாடுங்கள், தமிழில் கதையுங்கள்.

இங்கிலாந்தில் உள்ளவர்களுக்குச் சில நடைமுறை விடயங்கள். 'மியூசிக் தெரப்பிஸ்ட்' என்ற பெயரை இந்த நாட்டில் நினைத்தவர்கள் எல்லாம் போட்டுக்கொள்ள முடியாது. சட்டத்தால் காக்கப்பட்ட பெயர். எச்.சி.பி.சி என்ற அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இசை தெரிந்த நல்ல மனிதர் என்பது மட்டும் போதாது. நானே அதற்குச் சாட்சி. 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேவை உள்ள பிள்ளைகளுக்குக் கவுன்சில் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம் ஒன்றை எழுதும். படிப்பைத் தொடர்கிறவர்களுக்கு அது 25 வயதுவரை போகலாம். அதில் எஃப் என்ற பகுதியில் இசைச் சிகிச்சை என்று எழுதப்பட்டால், அதைக் கொடுக்கவேண்டியது கவுன்சிலின் கடமை. எழுதாமல் வாயால் சொன்னால் அது காற்றோடு போய்விடும். எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் போராடித்தான் எடுக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் விசேட தேவைக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்க வெட்கப்படவேண்டாம். அகதி வழக்குக்குக் கேட்டோம்தானே, பிள்ளைக்குக் கேட்டால் என்ன?

கோவிலுக்கும் கொண்டாட்ட வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கெட்டிமேளமும் சாமத்திய வீட்டு ஒலிபெருக்கியும் இந்தப் பிள்ளைகள் சிலருக்குச் சத்தம் அல்ல, நோவு. காதைப் பொத்தினால் அடம் பிடிக்கிறான் என்று கையை இழுக்காதீர்கள். சத்தம் குறைக்கும் காதுக் கவசம் கடைகளில் உண்டு. பூசைக்கு முன்னரே போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம்; அம்மன் கோபிக்கமாட்டா. விருந்தாட்கள் வந்தால் "மாமாவுக்குப் பாடிக் காட்டு" என்று பிள்ளையை நடுவில் நிறுத்துவதையும் விட்டுவிடுங்கள். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

அந்தத் தம்பிக்கு இப்போது 20 வயது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடம் முடிந்து, அந்தச் சிகிச்சையும் முடிந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்களுடைய வீட்டுக்கு நான் மிருதங்கத்தோடு போகிறேன். அது சிகிச்சை அல்ல, வகுப்பும் அல்ல. அவன் சொன்னால் நான் வாசிப்பேன், சொல்லாவிட்டால் இரண்டு பேரும் சும்மா இருப்போம், தாய் தேத்தண்ணி தருவார். 'தொம்' இன்னும் இரண்டாவதாகத்தான் வருகிறது. ரவையையும் இன்னும் சுரண்டுகிறான். நான் ஒரு சின்னப் போத்தலில் கூடுதலாகக் கொண்டு போகிறேன்.